விழத் தெரிந்தவள்

குதிரையிலிருந்து விழுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். சினிமாவில் ராணி விழ வேண்டுமென்றால் நடிகை குடை நிழலில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அவருடைய உடையையும், தலையை மூடி இடுப்புவரை தொங்கும் பொய்ச்சடையையும் மாட்டிக்கொண்டு இவள் போய் விழுவாள். பொத்தென்று விழுந்தால் எலும்பு மிஞ்சாது. சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியிலிருந்து காலை உருவிக்கொள்ள வேண்டும், கடிவாள வாரை விட்டுவிட வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல், தோளைக் கொடுத்து உருள வேண்டும். பின்னால் வரும் குளம்புகள் கடக்கும்வரை தலையைக் கைகளுக்குள் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும்.

இதையெல்லாம் அவள் வீட்டிலும் செய்ய வேண்டியிருந்ததுதான் கொடுமை. புருஷனும் அதே தொழில். கையில் சிக்கியதை விடமாட்டான் என்பதால் அவனுக்கு உடும்பு என்று பேர், அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை வேறு. கடிவாள வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் குதிரை ஏறுவான். "விடுறதுக்கா பிடிக்கிறது?" என்பான். சண்டைப் பயிற்சி மாஸ்டர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

போர்க்காட்சி எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், இனிமேல் அம்மா வீட்டிலேயே இருந்துகொள்வதாக அவள் சொன்னாள். அவன் அவள் பின்னலைப் பிடித்துச் சமையலறை வரை தரதரவென்று இழுத்துப்போய் அடுப்பு மேடை விளிம்பில் தலையை மோதினான். தாடையை ஒட்டிக்கொண்டதால் முகம் தப்பியது, பின்மண்டை கிழிந்தது. காலையில் ஒப்பனைக்காரி காயத்தைத் துடைத்து மருந்து போட்டாள்.

"ஒட்ட வெட்டிடுக்கா. இனி ஒரு முடி அவன் கையில சிக்கக் கூடாது."

"பாத்தா கொன்னுடுவான்டி."

"மேல ராணி சடை இருக்குல்ல, எப்படித் தெரியும்?"

முடியை வெட்டிவிட்டு, காயத்தில் படக்கூடாதென்று ஒப்பனைக்காரி பசை போடாமல் இரண்டு கிளிப்பில் பொய்ச்சடையை நிறுத்தினாள்.

போர்க்காட்சி. ராணிக்குப் பின்னால் வரும் முதல் குதிரையில் உடும்பு. விழுந்தவர் வலப்பக்கம் உருள்வார், பின்னால் வருகிறவர் இடப்பக்கம் ஒதுங்குவார். அந்தக் குழுவில் எல்லாருடைய உயிரும் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது.

குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து அவன் சிரித்தான். "அம்மா வீட்டுக்கா போற? முதல்ல விழுந்த எடத்துலேருந்து எந்திரி, பாக்கலாம்."

அவன் மிரட்டியதை அவள் மாஸ்டரிடம் சொன்னாள். "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டோட வச்சுக்கம்மா," என்று சொல்லிவிட்டு அவர் மைக்கை எடுத்தார்.

அவள் விழுந்தாள். தோள் மண்ணில் பட்டதும் கைகளின் இடுக்கு வழியே பார்த்தாள். அவன் வலப்பக்கமே வந்தான், கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டு. பழகிய உடம்பு வலப்பக்கம்தான் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் உருண்டாள். உருண்டிருக்க வேண்டிய இடத்தில் குளம்புகள் குழி பறித்தன.

அவளை நோக்கித் திருப்ப அவன் வாரைச் சுண்டி இழுத்தான். வாய் கிழிந்த குதிரை ரத்தம் தெறிக்க முன்னங்கால்களைத் தூக்கியது. அவன் சரிந்தான். வார் மணிக்கட்டை விடவில்லை. மிரண்ட குதிரை அவனைச் சரளைக்கல்லில் இழுத்துக்கொண்டு ஓடியது. தோள் மூட்டு கழன்ற சத்தம் அவளுக்கே கேட்டது. கன்னத்துச் சதை பிய்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டது.

நன்றாக வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கால்கள் ஓடின. குறுக்கே பாய்ந்து குதிரையை நிறுத்தி, இதற்காகவே எப்போதும் செருப்பு வாரில் செருகியிருக்கும் கத்தியால் கடிவாள வாரை அறுத்தாள். அவன் மணிக்கட்டு கறுத்து வீங்கியிருந்தது. மூச்சு இருக்கிறதா என்று குனிந்தாள்.

அவன் கண் திறந்தான். அடிபடாத கை எழும்பிச் சடையைக் கொத்தாகப் பிடித்தது.

"எங்கடி போவ?"

அவள் நிமிர்ந்தாள். கிளிப்புகள் தெறித்தன. ஒட்ட வெட்டிய தலையை அவன் அண்ணாந்து பார்த்தான், கையில் இருந்ததையும் பார்த்தான்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோதும் அவன் அதை விடவில்லை. யாரோ விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள்.

"அவரே வச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறப் போனாள்.