அப்பாவுக்கு டப்பிங்

திரையில் தெரிவது தன்னுடைய தொண்டைதான் என்று உறுமலாருக்கு நம்பவே முடியவில்லை. சிவந்து, ஈரமாக, யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

டாக்டரம்மா பேனா முனையால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கு உள்ளங்கையில் காய்ப்பு விழுகிற மாதிரி, கத்துகிறவர்களுக்குக் குரல் நாணில் விழுமாம். அதற்கு மேல் சிகரெட் புகை வேறு. இப்படியே ஓட்டினால் ஒருநாள் வாயைத் திறப்பீர்கள், காற்றுதான் வரும் என்றார்.

"சில வாரம் பேசவே கூடாது. ரகசியம் பேசறதும் கூடாது, அது இன்னும் மோசம். சிகரெட்டைத் தொடாதீங்க. நிறையத் தண்ணி, நேரத்துக்குத் தூக்கம், காலையில நடை. அப்புறம், கத்தறதை நிறுத்தணும்."

"என் வேலையே அதுதானே மேடம்."

"சரி. வீட்டுல?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

உறுமலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல வருஷமாகப் பாகம் பாகமாக ஓடும் வேற்றுமொழி நெடுந்தொடர் ஒன்றில் கப்பல் கம்பெனி நடத்தும் ஒரு கொடூரமான முதலாளி வருகிறார். அந்த முதலாளிக்குத் தமிழில் குரல் கொடுப்பவர் இவர். அந்த உறுமலுக்காகவே டப்பிங் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் 'உறுமல் அண்ணே' ஆகிவிட்டார். மளிகைக் கடையில் பில் போடும் பெண்கூட, "சார், ஒரே ஒரு தடவை 'அவனைக் கடல்ல வீசு' சொல்லுங்களேன்" என்று கேட்பாள். சொல்வார். கடையே சிரிக்கும். வீட்டுக்கு வந்து அதே குரலில், "செருப்பை யாரு நடுவுல போட்டது?" என்பார். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

டப்பிங் டைரக்டரிடம் விஷயத்தைத் தாளில் எழுதி நீட்டியபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தொண்டை சரியாகும்வரை ஒரு மிமிக்ரிக்காரரை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னார். தொடரின் அடுத்த பாகம் வந்ததும் ஒரு டெஸ்ட் எடுக்கலாம். பழைய குரல் அப்படியே இருந்தால் முதலாளி உறுமலாருக்கு, இல்லாவிட்டால் மிமிக்ரிக்காரருக்கு.

உறுமலாருக்குக் கையில் இருந்ததே அந்த ஒரு பாத்திரம்தான். ஒரு காலத்தில் போலீஸ், வக்கீல், காதலனின் நண்பன், பேசும் கரடி என்று எல்லாம் செய்தவர். உறுமல் பிரபலமானதும் அது மற்ற எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டது. இதுவும் போனால் ஸ்டூடியோ பக்கம் போக ஒரு காரணமும் இல்லை.

முதல் சில நாட்கள் நரகம். விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. சட்டைப் பையைத் தடவும், பேன்ட் பையைத் தடவும், கடைசியில் பேனாவையாவது எடுத்து உதட்டில் வைக்கும். வீட்டில் உட்கார்ந்தால் கை பைக்குப் போகிறதே என்று காலையில் நடக்கப் போனார். ஆரோக்கியம் எல்லாம் அப்புறம். பூங்காவை மூச்சு வாங்கச் சுற்றி வந்து, பெஞ்சில் சாய்ந்து, தன்னைத் தாண்டி ஓடும் கிழவர்களை வெறுத்தார். பேச எதுவும் இல்லாததால் நேரத்தோடு தூங்கினார். தூங்கி எழுந்தாலும் களைப்பு போகவில்லை. இத்தனை வருஷத்துக் களைப்பும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே வருகிற மாதிரி இருந்தது.

பேச்சுக்குப் பதிலாகக் கையடக்கமான வெள்ளைப் பலகை ஒன்றும் ஒரு மார்க்கரும் வாங்கியிருந்தார்கள். அதில்தான் வேடிக்கை ஆரம்பித்தது.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவளுடைய கண்ணாடி மட்டும் எப்போதும் கைப்பைக்குள் இருக்கும். உறுமலார் சமையலறை வாசலில் நின்று பலகையை நீட்டினால் அவளுக்கு வெறும் கறுப்புப் பூச்சிகள்தான் தெரியும். "என்னடி எழுதியிருக்கார், படி" என்பாள் மகளிடம்.

மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அப்பா இருக்கும் அறையில் அதிகம் பேசாத பெண். அன்று பலகையில் இருந்தது 'டீ இருக்கா?' என்ற இரண்டே வார்த்தை. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். தோளை உயர்த்தி, தாடையை முன்னால் தள்ளி, அடிவயிற்றிலிருந்து உறுமினாள்.

"டீ... இருக்கா?"

அச்சு அசல் கப்பல் முதலாளி. மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உறுமலாரும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். இவளுக்கு இப்படி ஒரு திறமையா என்று தொழில்காரனாகப் பெருமைகூட வந்தது.

அதிலிருந்து அப்பாவுக்கு மகள்தான் டப்பிங். 'ஃபேன் போடு', 'பேப்பர் வந்துச்சா', 'பால்காரர் வந்திருக்கார்' எல்லாமே உறுமலில் வந்தன. பால்காரர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, சாருக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தாமதமாக எழுந்து வந்தாள். உறுமலார் பலகையில் 'சாப்பிட்டியா?' என்று எழுதிக் காட்டினார். உண்மையிலேயே கேட்க வேண்டும் என்று தோன்றித்தான் எழுதினார். அவள் வழக்கம்போல உறுமினாள். கேட்டால் ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

உறுமலார் தலையை ஆட்டினார். அப்படி இல்லை என்று கையைக் காட்டினார். அழித்துவிட்டு, 'சாதாரணமா படி' என்று எழுதினார்.

மகள் பலகையைப் பார்த்தாள். கிண்டல் இல்லாத முகம்.

"சாதாரணமாத்தானேப்பா படிச்சேன். நீங்க சாப்பிட்டியான்னு கேட்டா இப்படித்தான் இருக்கும்."

உறுமலார் மார்க்கரைத் திறந்து ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு 'எப்பவுமேவா?' என்று எழுதினார்.

அதை அவள் குரல் கொடுத்துப் படிக்கவில்லை. வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டாள். சின்ன வயதில் வாசலில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டாலே டிவியை அணைத்துவிடுவாளாம். டிவிக்குள் இருந்த ஆளும் கதவைத் திறந்துகொண்டு வருகிற ஆளும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். இப்போதும் சாவிச் சத்தம் கேட்டால் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது என்றாள்.

"இவர் யாரையும் கை நீட்டி அடிச்சதில்லடி" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"தெரியும்மா. நான் அடிச்சார்னு சொல்லலையே. டிவில வர்றவரை ரிமோட்டால அணைக்கலாம். அதான் அவரை அணைச்சேன்."

சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போய்விட்டாள். உறுமலார் பலகையை அழித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையும் அழித்தார்.

டாக்டரம்மா கடைசியாக அனுமதி கொடுத்த அன்று சாயங்காலம், வீட்டில் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறுமலார், "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

மனைவி திரும்பி வாசலைப் பார்த்தாள், யாரோ வந்திருக்கிறார்கள் என்று. மெல்லிய, தெளிவான, யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் குரல் அது. பிறகு அவள் மெதுவாக, "கல்யாணத்தப்ப இருந்த குரலு" என்றாள். அது பாராட்டா, ஒரு பழைய சாமானை அடையாளம் கண்டுகொண்டதா என்று அவருக்குப் புரியவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு டெஸ்ட்டில் எப்படி உறுமுவது என்றும் தெரியவில்லை.

டெஸ்ட்டுக்குக் கொடுத்த காட்சி, முதலாளி தன் மகளை மிரட்டுவது. மேஜையில் கையை ஊன்றி, அந்த நடிகர் திரை முழுக்க வாயைத் திறக்கிறார். உறுமலார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உறுமிப் பார்த்தார். இரண்டு டேக், மூன்று டேக். தொண்டை உறுமவில்லை, உறுமுகிற மாதிரி நடித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். குண்டூசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்வதால் அவருக்குப் பெயர் 'காது'. அவர் ஹெட்போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மிமிக்ரிக்காரர் உங்களை உங்களைவிட நல்லா பண்றாரு."

டைரக்டர் கொஞ்சம் இடைவேளை விட்டார். காது வெளியே வந்து, யாரும் பார்க்காதபடி ஒரு சிகரெட்டையும் லைட்டரையும் நீட்டினார். ஒன்றே ஒன்று இழுத்துவிட்டு, மாடிப்படியில் நின்று நாலு தடவை கத்தினால் பழைய உறுமல் தானாக வந்து நிற்கும் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. உறுமலார் இத்தனை வருஷமாகக் குரலை எழுப்பியது அப்படித்தான். கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. உறுமல் அண்ணேயின் நாற்காலி போய்விடக் கூடாதே என்ற கவலைதான்.

மாடிப்படியில் யாரும் இல்லை. சிகரெட்டை உதட்டில் வைத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் அதை நோக்கி நகர்ந்தது. முதலில் கத்திப் பார்த்துவிடலாம் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வசனத்தை வீசினார்.

"வாசலைத் தாண்டினா நீ எனக்குப் பொண்ணே இல்ல!"

சுவர்கள் அதிர்ந்தன. உறுமல் வந்துவிட்டது, முக்கால்வாசி. மிச்சத்தைச் சிகரெட் பார்த்துக்கொள்ளும். லைட்டரைத் தட்டப் போனபோதுதான் கீழே பார்த்தார். படித் திருப்பத்தில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, மதியச் சாப்பாட்டுப் பையோடு சுவரை ஒட்டி நின்றிருந்தாள். மேலே பார்க்கவில்லை. அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். வீட்டு நடைவழியில் அவர் வரும்போது மகள் ஒதுங்கி நிற்பதும் அப்படித்தான்.

"நீங்க முடிங்க சார். நான் அப்புறமா வரேன்" என்றாள்.

"இல்லம்மா. முடிஞ்சிடுச்சு. நீங்க போங்க."

சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கத்தாமல் ஒரு தடவை பண்ணிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். டைரக்டர் சரி என்றார். மகள் போய்விடுவாளோ என்று பயப்படும் ஒரு மனிதனாக, தணிந்த குரலில் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் அந்த நடிகர் குகை மாதிரி வாயைத் திறந்திருந்தார். குகைக்குள்ளிருந்து பூனைக்குட்டி எட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. காது சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

டைரக்டர் கண்களைத் தேய்த்தார். எவ்வளவோ நாள் தூங்காத முகம். "ஒட்டல அண்ணே" என்றார். அவ்வளவுதான். முதலாளி போய்விட்டார்.

உறுமலார் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வந்தது களைப்புதான். அப்போது டைரக்டர், வந்தது வந்தீர்கள், ஒரு துண்டு வசனம் கிடக்கிறது, அதையாவது பேசிவிட்டுப் போங்கள் என்றார். துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா. கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று மகளோடு போனில் பேசுகிறார். வாயே தெரியாது. ஒரே வார்த்தை. யார் பேசினாலும் சரிதான்.

அந்த வார்த்தை, 'சாப்பிட்டியா?'

உறுமலார் சொன்னார். டைரக்டர் ஓகே என்றுவிட்டார். "இன்னொண்ணு போகலாம் சார்" என்றார் உறுமலார். முதலாளியாக இருந்த காலம் முழுக்க அவர் இரண்டாவது டேக் கேட்டதே இல்லை. இரண்டாவதில் விசாரணை குறைந்திருந்தது, அதிகாரம் அப்படியே இருந்தது. இன்னொன்று. அது குழைந்துவிட்டது, பிச்சை கேட்கிற மாதிரி. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். உறுமலார் கண்ணை மூடி, மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் இடம் விட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இது வந்துடுச்சு. வீட்டுல ரொம்ப ப்ராக்டிஸோ?"

"வீட்டுல இன்னும் ஒரு தடவைகூட இப்படிக் கேக்கல."

இந்த மாதிரி சின்னச் சின்ன ஆட்கள் தொடர் முழுக்க வருவார்கள், கூப்பிடுகிறேன் என்றார் டைரக்டர். கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, பையிலிருந்த சிகரெட் உடைந்து தூள் தூளாகியிருப்பது விரலுக்குத் தெரிந்தது. துவைக்கும்போது மனைவி பார்ப்பாள். பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வாசலில் சாவியைப் போட்டுத் திருப்பினார். திருப்பிவிட்டு அப்படியே நின்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தொடர்தான். முதலாளி யாரையோ கடலில் வீசச் சொல்லிக் கர்ஜித்துக்கொண்டிருந்தார், மிமிக்ரிக்காரரின் இரவல் குரலில். அந்தச் சத்தம் நிற்கவில்லை.

மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ரிமோட் பக்கத்திலேயே கிடந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"குடுக்கல."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றி, நடுவில் கிடந்த இன்னொரு ஜோடியையும் எடுத்து, ஓரமாக வைத்தார். அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியா?"

"ம்." டிவியில் முதலாளி மறுபடி உறுமினார். அவள் கண்ணைத் திருப்பாமல், ஒரு கையால் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள். "நீங்க?"