நான் பார்க்காத வெற்றி

என் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டைப் பந்தயத்தில், மூன்றாவது சுற்றில் எதிராளியைச் சாய்த்து ஜெயித்தேன். மற்றவர்கள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். ஒகயாமா அரங்கில் முதல் சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தேன். ஹிராமத்சு மாஸ்டர் என் வாயில் தண்ணீர் ஊற்றி, "தாடையை எறக்குடா, தாடையை எறக்கு" என்றார். மணி அடித்தது. எழுந்தேன். அடுத்த கணம் ரயிலில் இருக்கிறேன். எதிரே கிமியே அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். என் மடியில் யாரோ கொடுத்த பூங்கொத்து. உடை மாற்றியிருக்கிறேன், செருப்பு கூடச் சரியான கால்களில் இருக்கிறது.

"நான் ஜெயிச்சேனாக்கா?" என்று கேட்டேன்.

"போதும்டா ஷூஜி. இதோட ஏழு தடவை கேட்டாச்சு. ஜெயிச்ச திமிரு ஒனக்கு!"

அவள் சிரித்தாள். ஏழு தடவை! அதில் ஒன்றுதான் என்னுடையது. மற்ற ஆறையும் கேட்டவன் யார்?

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. கொஜிமாவில் பள்ளிச் சீருடை தைக்கும் ஆலை ஒன்றில் இஸ்திரிப் பிரிவில் வேலை. பொழுது சாய்ந்தால் மாஸ்டரின் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவேன். அப்பா அம்மா இல்லை. அக்காவும் நானும்தான்.

மறுவாரம் கூடத்தில் பந்தய வீடியோவைப் போட்டார்கள். திரையில் என் முகம் கொண்ட ஒருவன் சண்டை போட்டான். தாடை சரியாக இறங்கியிருந்தது. மூன்றாவது சுற்றில் இடது கையால் எதிராளியின் விலாவில் ஒன்று கொடுத்தான். அந்த ஆள் உட்கார்ந்துவிட்டான். பிறகு என் முகக்காரன் நான்கு பக்கமும் குனிந்து வணங்கினான். ஒலிபெருக்கியில் நன்றி சொன்னான். குரல் கூட என்னுடையதுதான்.

"அந்த இடது கையை எங்கடா கத்துக்கிட்ட? நான் சொல்லித் தரவே இல்லையே!" என்று மாஸ்டர் என் முதுகில் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கூட நிம்மதியாக விடியவில்லை. கண் விழித்ததும் என் பேரை, கிழமையை, முந்தின நாள் தின்றதைச் சொல்லிப் பார்ப்பேன். ஆலையில் நீராவி முகத்தில் அடிக்கும்போது, இதுவரை எத்தனை சட்டை தேய்த்தேன் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். எண்ணிக்கை தவறினால் அடுக்கியதைக் கலைத்து மறுபடி எண்ணுவேன். கூடத்தில் பயிற்சிச் சண்டையில் தலையில் லேசாக ஒன்று பட்டாலும், மறுபடி போய்விட்டேனோ, இது நானா அவனா என்று தவிப்பேன். புதுமுக வீரர்களின் போட்டித் தொடருக்கு என் பேரைக் கொடுத்திருந்தார்கள். இன்னும் பத்தே வாரம். வாயைத் திறந்தால் குத்துச்சண்டை உரிமம் போகும். திறக்காவிட்டால், இந்தத் தடவை ரயிலில் கண் விழிப்பேன் என்று என்ன நிச்சயம்?

யாரிடம் கேட்பது? அந்த இரண்டு சுற்றில் என் கண்ணுக்கு நேரே நின்றவன் ஒருவன்தான். என்னிடம் தோற்ற மியதகே. கடலுக்கு அக்கரையில், மருகமேயில் அவன் அப்பாவின் நூடுல்ஸ் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் பாலத்தைக் கடக்கும் ரயிலேறிப் போனேன்.

பின்கட்டில் மியதகே நூடுல்ஸ் மாவை விரிப்பில் சுற்றி, பதம் வர ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கால் நின்றுவிட்டது.

"அடிச்சது பத்தலன்னு சாப்பிடவும் வந்துட்டியா?"

"ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது ரவுண்டுல என்ன நடந்துச்சு?"

"என்னைக் கேக்குற? ஜெயிச்சவன் நீதானே?"

"எனக்கு ஞாபகம் இல்ல. எதுவுமே."

அவன் மாவிலிருந்து இறங்கினான். பின்கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினான்.

"கட்டிப் புடிச்சப்ப என் வலது கை ஒன் காதுக்குப் பின்னால விழுந்துச்சு. தப்பான அடிதான். நடுவருக்குத் தெரியல. நீ விழப்போறேன்னு நெனச்சேன். விழல. நிமிர்ந்து என்னைப் பாத்த. பாக்கலன்னுதான் சொல்லணும். மீன் கடையில ஐஸ் மேல கெடக்குமே, அந்தக் கண்ணு. அந்தக் கண்ணோட வந்துகிட்டே இருந்த. அடிச்சா வலிக்கல ஒனக்கு. இன்னொண்ணு போட்டா செத்துருவியோன்னு கை வரல எனக்கு. விலாவுல நீ அடிச்சதுல நான் விழுந்தேன், வாஸ்தவம். ஆனா நடுவர் ஆறு எண்ணுறப்பவே எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கல. எங்கப்பாவுக்குக் கூட இது தெரியாது."

அவன் மறுபடி மாவின் மேல் ஏறினான்.

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தா உரிமம் போயிரும்."

"போனா போகுது, இங்க வந்து மாவு மிதி! இந்த வாரத்துக்குள்ள ஒங்க மாஸ்டர்கிட்ட நீ சொல்ற. இல்ல, நானே ஃபோன் போடுவேன்."

மறுநாளே சொன்னேன். மாஸ்டர் பொதுவாகக் கத்துகிற மனிதர். அன்று கத்தவில்லை. கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒன்றரை மாசம்டா. ஒன்றரை மாசமா ஒன்னை அடி வாங்க விட்டிருக்கேன் நான். கொன்னிருப்பேனேடா."

பயமே இல்லாத ஒருவர் இந்த உலகத்தில் உண்டென்றால் அது மாஸ்டர் என்று நினைத்திருந்தேன். அவர் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மருத்துவமனையில் குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே தடதடவென்று சத்தம். அசையாதே என்றார்கள். அசையாமல் அக்காவை நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் மருத்துவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியல. அதனால ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தமில்ல" என்றார். ஆறு மாதம் தலையில் ஒரு அடி கூடப் படக்கூடாது, அப்புறம் மறுபடி படம் எடுக்கலாம். புதுமுகத் தொடர் நான் இல்லாமலே நடந்தது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் காலையில், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று மட்டும் கேட்பாள்.

மறு வசந்தத்தில், இரண்டாவது படமும் சுத்தமாக வந்தபின், மறுபடி மேடையேறினேன். ஏறாவிட்டால் அந்த மற்றவன் ஜெயித்ததே என் கடைசிச் சண்டையாக நின்றுவிடும் என்பது ஒரு காரணம்.

மாஸ்டர் ஒரே நிபந்தனை போட்டார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கேள்வி கேட்பார். பதில் தடுமாறினால் துண்டை மேடைக்குள் வீசிச் சண்டையை நிறுத்திவிடுவார்.

"காலையில என்ன சாப்ட்ட?"

"கஞ்சி. ஊறுகாய்."

"அக்கா எங்க ஒக்காந்திருக்கா?"

"மூணாவது வரிசை. கண்ணை மூடிக்கிட்டிருக்கா."

நான்கு சுற்றும் பயந்துகொண்டே ஆடினேன். ஒவ்வொரு அடியும் வருவதைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் வலித்தது. புள்ளிக் கணக்கில் தோற்றேன். மூன்று நடுவர்களும் எதிராளிக்கே கொடுத்தார்கள்.

வீடு திரும்பும் ரயிலில் முதல் மணியிலிருந்து ஆரம்பித்து, எந்தக் கை எங்கே பட்டது என்று ஒன்று விடாமல் மாஸ்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். உதடு வீங்கி எச்சில் ஒழுகியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

"டேய், தோத்தவன் இவ்வளவு பேசக் கூடாதுடா" என்றார் மாஸ்டர்.

"ரெண்டாவது ரவுண்டு இன்னும் முடியல மாஸ்டர்" என்றேன்.

அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, சொல்லு" என்றார்.