கீழிருந்து வந்த பதில்

"அப்பா, ஒரு யானை வாங்கிட்டு வந்து பாத்ரூம்ல கட்டட்டுமா?"

மகள் கேட்டாள். என் கணவர் ஒரு கையால் சாப்பிட்டபடி, மறு கையின் கட்டை விரலால் செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ம், கட்டு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. கழுத்து வலிக்குப் போடும் பட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போடும் கூச்சலை நடித்துக் காட்டி வீட்டையே குலுங்க வைத்த மனிதர்தான். செல்போன் கைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேச்செல்லாம் ஒற்றை 'ம்' ஆகச் சுருங்கியது. குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தது. விரல் மரத்துப்போனது. தூக்கம் போனது. சமையலறைக்குள் வருவார், எதற்கு வந்தோம் என்பது மறந்து நிற்பார், அந்தச் சங்கடத்தை மறைக்கவும் செல்போனையே எடுப்பார். ஒரு நாள் அவரே சொன்னார்: "தலைக்குள்ள எதுவும் நிக்க மாட்டேங்குது. வழுக்கிட்டுப் போகுது. பயமா இருக்கு." செல்போனை அணைத்து பரண் மேல் வைத்தார். அன்று மாலை முழுக்க அவர் கை வெறும் சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்தது. சாப்பாட்டுக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடப் போகிறாரே என்று.

அவரும் குட்டையும் ஜோடியாக வேலை செய்பவர்கள். இவர் உயரம், அவன் குள்ளம். அதனால் அந்தப் பெயர். யானையைக் கட்டச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போன அன்று, குட்டை கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தான். இவர் அடியில், லிஃப்ட் பெட்டிக்குக் கீழே இருக்கும் குழியில். மின்சாரத்தை மறுபடி போடும் முன் மேலே இருப்பவன் "போடவா?" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் வெளியே ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் "போடு" சொல்ல வேண்டும். எத்தனையோ வருடமாக அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வேலை நடந்தது. குட்டை கேட்டான். பதில் வந்தது. போட்டான். பெட்டி கீழே இறங்கியது.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து குட்டை வந்தான். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"அண்ணி, ஆஃபீஸ்ல யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. குழிக்குள்ள இருக்கறவன் எப்படிடா போடுன்னு சொல்வான், நீ கேக்காமயே போட்டுட்டு கதை விடுறியான்னு கேக்குறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அண்ணன் குரல் கேட்டுச்சா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனா? பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு, அண்ணி. நீங்க சொல்லுங்க. அண்ணன் சொல்லியிருப்பாரா?"

எனக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளறையில் மகள் இருந்தாள். நான் ஆமென்றால், அவளுடைய அப்பா தன் வாயாலேயே செத்தார் என்றாகும். இல்லையென்றால், எதிரில் உட்கார்ந்திருப்பவன் கொலைகாரன் ஆவான்.

அறைக் கதவு திறந்தது.

"சொல்லியிருப்பாரு சித்தப்பா," என்றாள் மகள். "எது கேட்டாலும் சொல்வாரு. காதுலயே விழாது. ஆனா சொல்வாரு."

நிம்மதியில் அழுவான் என்று நினைத்தேன். குட்டை அழவில்லை. அவளையே வெறித்துப் பார்த்தான்.

"நான் ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கணும் பாப்பா," என்றான். பிறகு எழுந்து வெளியே போனான்.

எங்கள் அடுக்குமாடியில் வாசலுக்கு எதிரே லிஃப்ட் கதவு திறந்து நின்றிருந்தது, உள்ளே விளக்கு எரிய, யாருமில்லாமல். குட்டை அதன் பக்கமே திரும்பாமல் கைப்பிடியைப் பற்றிப் படியில் இறங்கினான். அவன் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. லிஃப்ட் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, எப்போதும்போல் தானாகக் கதவை மூடிக்கொண்டது.