எல்லா எடைக்கும் ஒரே பட்டியல்

செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் மதியரசு ஒன்பதாம் இடத்துக்கு ஏறியிருந்தான். அவன் இறந்து பதினெட்டு மாதம் ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவனுக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தோற்றார்கள். அவன் தோற்கவில்லை.

அவனுடைய அக்கா கோகிலவாணி பட்டியலைப் பார்க்கப் பழைய மஞ்சள் மண்டிக்குப் போனாள். மண்டியின் மாடியில்தான் பட்டியல் அலுவலகம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடுகிற எல்லோரையும், எடைப்பிரிவு பார்க்காமல், ஒரே வரிசையில் நிறுத்தும் பட்டியல் அது. குத்து, உதை, தரையில் போட்டு அமுக்கும் பிடி எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஐம்பத்திரண்டு கிலோ ஆளையும் நூற்றிருபது கிலோ ஆளையும் எப்படி ஒரே வரிசையில் வைப்பது? குழு அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. குழுவில் மூன்று பேர். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரும் ஒரே எடை என்று நினைப்பார்கள். பதினொரு நிமிடம் நினைப்பார்கள். அந்தப் பதினொரு நிமிடமும் ஊரில் எல்லோரும் ஒரே எடையாக இருப்பார்கள். தாய்மார்கள் மணி பத்து அடிக்கும் முன்பே பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள். பஸ்ஸில் யாரும் யாரையும் மடியில் உட்கார வைக்கமாட்டார்கள்.

கோகிலாவின் வீட்டில் மதியரசு படுத்த கயிற்றுக் கட்டில் போட்டபடி கிடந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதன் நடுப்பகுதி தொய்யும். பத்து பதினொன்றுக்கு நிமிரும். அந்த நேரத்துக்குள் அம்மா கட்டிலின் பக்கத்தில் ஒரு தட்டில் மூன்று இட்லி வைத்து எடுப்பாள்.

மண்டி வாசலில் பட்டியலின் முன் கூட்டமாக இருந்தது.

"ரெண்டாவது எடத்துல அந்த நூத்திருவது கிலோக்காரனா? மாடிப்படி ஏறுனாவே அவனுக்கு மூச்சு வாங்குமேப்பா."

"கொசுவாட்ட இருக்கறவன மொதல்ல வெச்சிருக்காங்க, அத விட்டுட்டியே. ஊதுனாப் பறந்துருவான்."

"நீ போயி ஊதிப் பாரு. பல்ல எண்ணிட்டு வருவே."

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் கோகிலாவைப் பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, உன்ற தம்பி ஒம்பதுக்கு வந்துட்டானாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"செத்தும் ஏறுறான் பாரு. என்ற பையன் உசுரோட இருந்துட்டு நாப்பத்தி மூணு."

பட்டியலின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. பதினெட்டு மாதம் எடை காட்டாதவர் பெயர் நீக்கப்படும். கோகிலா அந்த வரிக்காகத்தான் வந்திருந்தாள்.

நீக்கினால் பெயர் பட்டியலிலிருந்து மட்டும் போவதில்லை. தீபாவளிக்கு முன்னால் பவானியில் கால் ஒடிந்து கிடந்த ஒருவரின் பெயரை நீக்கினார்கள். மறுநாள் அவர் மனைவி எதிர்வீட்டுக்கு நாலு சட்டை எடுத்துக்கொண்டு போனாள். "யாரோட சட்டையோ எங்க கொடியில காயுதுங்க" என்றாள். அவர் இப்போது பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார்.

வியாழக்கிழமையோடு மதியரசுவின் பெயரை அடித்துவிட்டால், வெள்ளிக்கிழமை அம்மா அந்தக் கட்டிலில் மிளகாய் காயப் போடுவாள். கோகிலாவும் கூட நின்று பரப்பிக் கொடுப்பாள்.

அவள் மாடியேறினாள். நடை நீளமாக இருந்தது. இருபுறமும் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஓர் எடை எழுதியிருந்தது. எடை கூடக் கூடக் கதவுகளுக்கு நடுவே தூரமும் கூடியது. ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தேழுக்கு நாலு எட்டு வைத்தால் போதும். தொண்ணூற்று மூன்றைத் தாண்டிய பிறகு அவள் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள். அங்கே ஒரு பெண் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த எடைக்குப் போறீங்க?"

"எல்லா எடைக்கும்."

"அப்பச் சாப்பிட்டுட்டுப் போங்க."

கோகிலா சாப்பிட்டுவிட்டுப் போனாள். கடைசிக் கதவுக்கு உள்ளே பட்டியல் எழுதும் ராக்கியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"ஆளக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"தம்பி செத்துட்டானுங்க."

"அது வேற ஆபீசு. இங்க எடை மட்டுந்தான்."

"செவ்வாக்கெழம பத்து மணிக்கு வெச்சுக்கலாங்களா? அப்ப அவனுக்கு எடை இருக்குது. கட்டில் தொய்யுது."

"அப்ப எல்லாத்துக்குந்தான் இருக்குது. என்ற பேனாவத் தூக்க முடியறதில்ல. அது செல்லாது. வியாழக்கெழம பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்க."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். கூண்டுக்கு வெளியே அவரைக் கடைசியாக அடித்தவர் பெயர் என்று ஒரு கேள்வி இருந்தது. கோகிலா தன் பெயரை எழுதினாள். அவர் படித்துவிட்டு முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"உங்க எடை?"

"நாப்பத்தெட்டுங்க."

"எதுக்கு அடிச்சீங்க?"

"சொல்லாமப் பள்ளிக்கூடத்த விட்டுட்டு சண்ட கத்துக்கப் போயிட்டான்."

"என்ன ஆச்சு?"

"அழுதானுங்க."

"அப்பத் தோத்துட்டான்."

தோற்றால் வரிசையில் இறங்கிவிடுவான்.

"நானும் அழுதேனுங்க."

ராக்கியண்ணன் சற்று யோசித்தார். 'சமன்' என்று எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மண்டிக் கூடத்தில் எடை மெஷினை வைத்திருந்தார்கள். மஞ்சள் மூட்டை நிறுத்த பழைய மெஷின். குழுவின் மூவரும் நாற்காலியில் இருந்தார்கள். கண் திறந்திருந்ததால் சாதாரண ஆட்களாகத் தெரிந்தார்கள். மதியரசுவுக்குச் சண்டை கற்றுக்கொடுத்த எட்வின் மாஸ்டரும் வந்திருந்தார். பதினெட்டு மாதத்துக்கு முன் இதே மெஷினில்தான் மதியரசு கடைசியாக ஏறினான். ஐந்து நாளில் ஒன்பது கிலோ குறைத்திருந்தான். அறுபத்தொன்று சரியாகக் காட்டியது. இறங்கினான். பத்தடி நடந்தான். விழுந்தான்.

"மதியரசு" என்று ராக்கியண்ணன் கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அது ஏறி வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது.

"துணி போட்டிருக்காரா?"

"துணியெல்லாம் வீட்டு அலமாரியில இருக்குதுங்க."

"அப்பத் துண்டு பிடிங்க."

துணியில்லாமல் எடைக்கு நிற்பவரின் முன்னால் இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் ஒரு முனையையும் கோகிலா ஒரு முனையையும் பிடித்தார்கள். மெஷின் ஒருமுறை கிரீச்சிட்டது. ராக்கியண்ணன் குனிந்து பார்த்தார்.

"சைபர்."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் கோகிலா. அவள் தோள்கள் கீழே இழுபட்டன. துண்டின் மேல்விளிம்பு இரண்டு இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. பள்ளங்களுக்கு நடுவே ஒரு மார்பின் அகலம்.

"கையத் துண்டு மேல வெச்சிருக்கான்" என்றார் மாஸ்டர்.

அவர் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த தந்திரம் அது. எடை கொஞ்சம் கூடிப்போனால், துண்டின் விளிம்பில் விரலை ஊன்ற வேண்டும். மெஷினில் முன்னூறு கிராம் குறையும். மதியரசு நல்ல மாணவன். மொத்த எடையையும் ஊன்றியிருந்தான்.

"டேய் மதி, கைய எடுடா. இன்னிக்கு எடை வேணும்டா."

துண்டு அசையவில்லை.

"நீங்க சொல்லுங்க மாஸ்டர்."

"மதி, எடுத்துரு."

துண்டு அசையவில்லை. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நானே சொன்னாலும் எடுக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கேம்மா. எதிராளுங்க என் குரல்ல பேசிக் கேப்பாங்க."

கோகிலா ராக்கியண்ணனைப் பார்த்தாள். "துண்ட விட்டுட்டா என்னங்க ஆகும்?"

"மாருக்குக் கீழ எறங்குனா ஆள் வரலேன்னு அர்த்தம். பேர அடிச்சுருவேன்."

"இப்படியே பிடிச்சுட்டு நின்னா?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கை துண்டு மேல இருக்கறப்ப எடை எழுதக் கூடாது. எழுதற வரைக்கும் பேர் இருக்கும்."

"அப்ப நிக்கறேனுங்க."

மதியரசு என்ற பெயருக்கு எதிரே அவர் பென்சிலில் எழுதினார்: எடை பார்க்கப்படுகிறது.

குழு எழுந்து போனது. மாஸ்டர் தன் முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை. தன் முனையையும் கட்டலாமா என்று கோகிலா கேட்டாள். ஒரு முனையிலாவது ரத்த உறவு இருக்க வேண்டும் என்றார் ராக்கியண்ணன்.

அம்மா மூன்று வேளையும் வந்தாள். கோகிலாவின் இரண்டு கையும் துண்டில் இருந்ததால் இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டினாள். பிறகு துண்டின் பள்ளங்களை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "விரல் காஞ்சு கெடக்குது" என்றாள்.

அடுத்த செவ்வாய் வந்த பட்டியலில் மதியரசு எட்டாவது. நூற்றிருபது கிலோக்காரன் மாடிப்படியில் தோற்றுப்போனதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை துண்டின் பாரம் அரைக் கிலோ குறைந்திருந்தது. கோகிலா முதலில் நம்பவில்லை. வியாழக்கிழமை இரண்டு கிலோ குறைந்தது. அவன் அப்படித்தான் குறைப்பான். முதல் நாள் கொஞ்சம், பிறகு வேகமாக.

"போதும்டா" என்று அவள் துண்டுக்கு மேலே மெதுவாகச் சொன்னாள். "யாரும் கேக்கலடா. போதும்."

வெள்ளிக்கிழமை மூன்று கிலோ.

சனிக்கிழமை அம்மா தூக்குப்போசியில் இட்லியோடு வந்தாள். மகளின் தோளையும் முழங்கையையும் கூர்ந்து பார்த்தாள்.

"கை நடுங்கறது நின்னுருச்சே கண்ணு. பழகிருச்சா?"

கோகிலா துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"பழகிருச்சும்மா."