ஐந்தும் ஒரு பக்கமாக

"போச்சு! மறுபடியும் கவுந்துடுச்சு!" என்று அறையிலிருந்து சத்தம் வந்ததும், அடுப்படியில் நின்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பியூட்டி பார்லருக்கு லீவு விடுவதே வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளும் காலையிலிருந்து இதே கூத்து. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மை ராக்கெட் கவிழ வேண்டியது, உடனே வீட்டுக்கூரையே இடிந்து விழுந்த மாதிரி இந்த மனுஷன் கூப்பாடு போட வேண்டியது.

அவர் பஸ் டிரைவர். டெப்போவில் எல்லாருக்கும் அவர் 'கேப்டன்'. பஸ் ஓட்டி வாங்கிய பட்டமில்லை அது, இந்தப் பாழாய்ப்போன விளையாட்டு வாங்கித் தந்தது. விளையாட்டில் ராக்கெட்டை நாமேதான் கட்ட வேண்டும். நடுவில் பெரிய உருளை, அதைச் சுற்றி, மேலே உந்தித் தள்ளுகிற சின்ன உருளைகளான பூஸ்டர்கள். சுற்றிலும் சம இடைவெளி இல்லாவிட்டால் கிளம்பின வேகத்திலேயே ஒருக்களித்துத் தரையில் மோதும். அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. ஒரு பூஸ்டரை ஒட்டினால் அதுவே இரண்டாக, மூன்றாக, நாலாக, ஆறாக, எட்டாகச் சுற்றிலும் ஒட்டிக்கொடுக்கும். ஐந்து மட்டும் கிடையாது. கேப்டனுக்கு ஐந்துதான் வேண்டும்.

"பட்டனை அமுக்கி நாலு வைக்கிறதுக்கு நான் எதுக்கு? எவன் வேணாலும் வைப்பான்," என்பார். கண்ணளவிலேயே ஒவ்வொன்றாக ஐந்தையும் ஒட்டி, ஒருமுறை நிலாவுக்கு அனுப்பி, பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவந்துவிட்டார். அந்தப் படம் டெப்போ ஆட்கள் அத்தனை பேர் செல்போனிலும் சுற்றியது. அன்றிலிருந்து கேப்டன்.

அப்புறம்தான் தலையில் ஒரு ரத்த அடைப்பு வந்தது. சின்னதுதான் என்றார்கள். ஆஸ்பத்திரி, மாத்திரை, ஓய்வு எல்லாம் முடிந்தது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். நடக்கச் சொன்னார், நடந்தார். நாளைக்கு டெப்போவில் உடம்பைச் சோதிக்கிறார்கள். தேறிவிட்டால் மறுபடியும் பஸ். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று அவரைவிட அவள்தான் துடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னே? வீட்டில் இருக்கிற கேப்டனோடு ஒரு மனுஷி குடித்தனம் நடத்த முடியுமா? தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, "இவ்வளவுதான் போட்டியா?" என்று கேட்கிறார். சவரம் பண்ணினால் ஒரு கன்னம் வழவழ, இன்னொரு கன்னம் முள்ளுக்காடு. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டுகிறார். அவள் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் போதும், "தொணதொணன்னு பேசாதே, காது வலிக்குது." இது மட்டும் இருபது வருஷப் பாட்டு. மற்றதெல்லாம் கொழுப்பு என்றுதான் அவள் நினைத்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் வருகிற கொழுப்பு.

"ஐயோ! இந்தா, மறுபடியும்!"

கரண்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். "அப்படி என்னதாங்க ஆச்சு?"

"கேம்ல ஏதோ மாத்தித் தொலைச்சிருக்கானுங்க. அதே அஞ்சு பூஸ்டர்தான். முன்னே எப்படிப் போகும்? இப்ப ஒரு பக்கமா சாயுது."

அவள் திரையைப் பார்த்தாள். அவளுக்கு ராக்கெட் தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் முடியைச் சமமாக வெட்டியே சோறு தின்கிறவள் அவள். ஐந்து பூஸ்டரும் ராக்கெட்டின் வலது பாதியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி மொட்டை.

"சாயாம என்ன பண்ணும்? அஞ்சையும் ஒரே பக்கமா ஒட்டியிருக்கீங்களே!"

"சுத்திதான் ஒட்டியிருக்கேன். எண்ணிப் பாரு. அஞ்சு இருக்கா இல்லையா?"

"அஞ்சு இருக்குங்க. எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கு!"

"உனக்கு இதெல்லாம் புரியாது. போய் அடுப்பைப் பாரு."

வந்ததே கோபம் அவளுக்கு. மவுஸை வெடுக்கென்று பிடுங்கினாள். அவர் அதைப் பிடித்து இழுத்து ராக்கெட்டைச் சுழற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதே மாதிரி இழுத்து அரைச்சுற்று சுற்றினாள். மொட்டைப் பாதி வலது பக்கம் வந்தது, பூஸ்டர்கள் ஐந்தும் இடது பக்கம் போயின.

"அடிப்பாவி! எல்லாத்தையும் ஏன் கழட்டினே?" என்று அலறினார்.

"நான் எதைக் கழட்டினேன்? திருப்பினேன், அவ்வளவுதான்."

"ஒண்ணுகூட இல்லையே! காலையிலேர்ந்து கட்டினதுடி அது!"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார். மெதுவாகத் திரும்பவும் சுற்றினாள். ஐந்தும் வலது பக்கம் வந்தன. அவர் வாய் திறந்தபடி நின்றது. இன்னொரு முறை சுற்றினாள். அவர் கண் மொட்டைப் பக்கத்தோடு நின்றுவிட்டது.

தட்டில் மிச்சமாகிறது எந்தப் பாதி? முள்ளாகக் கிடப்பது எந்தக் கன்னம்? நிலையில் இடிக்கிறது எந்தத் தோள்? எல்லாம் இடது. அந்த டாக்டரும் ஒவ்வொரு தடவையும் இவருக்கு வலது பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்து பேசினார்! இத்தனை நாளாகக் கொழுப்பு கொழுப்பு என்று திட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைக்க, தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஏங்க, உங்களுக்கு இடது பக்கம் தெரியலைங்க."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"கண்ணு இருக்கு. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே உங்களுக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

அவர் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் கையைத் தூக்கச் சொல்லுவாங்க, நேரா பார்த்து எழுத்தைப் படிக்கச் சொல்லுவாங்க. தேறிடுவேன். நீ மட்டும் வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"நல்லா இருக்கே நியாயம்! சைக்கிள்காரன் எந்தப் பக்கமா வருவான்? ஸ்டாப்புல ஜனங்க எந்தப் பக்கமா நிப்பாங்க?"

"ஓட்டாம நான் என்னடி பண்ணுவேன்?" என்றார். அதில் அதட்டல் இல்லை. அவள் அடுப்படிக்குப் போய், தீய்ந்துபோன காயைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கைதட்டல். "இங்கே ஓடி வா!"

போய்ப் பார்த்தால், மனுஷன் ராக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு பூஸ்டரையும் தன் வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். சுற்றிலும் ஐந்து. அவள் கண்ணுக்கே குறை தெரியவில்லை. ராக்கெட்டைக் கிளப்புகிற பட்டனைத் தட்டினார். நெருப்பைக் கக்கிக்கொண்டு நூல் பிடித்த மாதிரி நேராக ஏறியது. அவர் முகத்தில் பழைய கேப்டன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தியா? வழி இல்லாமலா போகும்? திருப்பித் திருப்பிப் பார்த்தா எல்லாம் தெரியுது. எனக்கு ஒண்ணும் இல்லை!"

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. கெடுத்தாள்.

"ராக்கெட்டைத் திருப்பிட்டீங்க. ரோட்டை எப்படிங்க திருப்புவீங்க?"

திரையில் ராக்கெட் போய்க்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மவுஸை மெதுவாக அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, எழுந்து, நிலையில் இடித்துக்கொண்டு வெளியே போனார். இந்தத் தடவை நிலையைத் திட்டவில்லை.

மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவளும் செருப்பை மாட்டினாள். 'தேறிடுவேன்' என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லட்டும், டெப்போ வாசலிலேயே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கத்திவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். அதற்கப்புறம் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

தெருமுனையில், சாலையைக் கடக்கிற இடத்தில் அவர் நின்றார்.

"நானே சொல்லிடுறேன்," என்றார். "அந்தப் பக்கம் எனக்கு இல்லைன்னு. வேற வேலை ஏதாவது குடுத்தா குடுக்கட்டும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீ என் இடது பக்கமா வா."

அவள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றாள். வண்டிகள் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக ஓயாமல் பேசிய வாய்க்கு அன்றைக்கென்று பார்த்து ஒரு சொல் வரவில்லை. அவர் நேராகப் பார்த்தபடியே நின்றார். முகம் திடீரென்று வெளிறியது.

"ஏய், எங்கே போயிட்டே?"

"இங்கேதாங்க நிக்கிறேன்."

"நின்னா மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். "பேசு. ஏதாவது தொணதொணன்னு பேசிக்கிட்டே வாயேன்டி."

அவள் அவர் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நேற்றுத் தீய்ந்துபோன காயிலிருந்து ஆரம்பித்தாள்.