பெயர் எழுதாத பிஸ்கட்

அஸ்வத் என்ற பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கறுப்புச் சொட்டை இழுத்துவிட்டாள் ஜாக்குலின். சர்க்கரைப் பூச்சு நிரப்பிய கோனை லேசாக அழுத்தி, எழுத்தின் வாலிலிருந்து கீழே கொண்டுவந்து, முடிகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி எடுத்தால்தான் ரத்தம் வடிகிற மாதிரி நுனி திரண்டு நிற்கும். பேய்க்கு ரத்தம் கறுப்பாகத்தான் இருக்கும் என்பது மகள் சிநேகாவின் தீர்ப்பு. நேற்றிலிருந்து போட்டுப் போட்டு அந்த இழுப்பு கைக்கு அத்துப்படியாகிவிட்டது. கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. மனசுதான் சொந்த ஊரான அச்சரப்பாக்கத்தில் கிடந்தது.

மேசை முழுக்கப் பேய்கள், வௌவால்கள், பல் இளிக்கும் பூசணிகள். நடுவில் கல்லறைக் கல் வடிவத்தில் வெட்டிய பிஸ்கட்டுகள். ஒவ்வொன்றிலும், செத்தவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்பதற்கு இங்கிலீஷ் சுருக்கமாக ஆர்.ஐ.பி. என்று போட்டு, அடியில் விருந்துக்கு வரும் ஒரு குழந்தையின் பெயர். மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசைந்து, ஃப்ரிட்ஜில் இறுகவைத்து, தேய்த்து வெட்டிச் சுட்டது வரை ஒரு குறையும் இல்லை. ஐசிங்தான் படுத்தி எடுத்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்ய, சர்க்கரைப் பூச்சு காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. காயாத வெள்ளையில் கறுப்பை வைத்தால் ஊறிப் பரவிவிடும். அதனால் டேபிள் ஃபேனைத் தட்டுகள் பக்கம் திருப்பிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க எழுதிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் சிநேகா உடைந்த பேய்களின் தலைகளைத் தின்றுகொண்டிருந்தாள். குத்துக்கல் மாதிரி இருக்கும் இந்தப் பெண்ணுக்குத்தான் ஜுரம் என்று நேற்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள் ஜாக்குலின்.

இன்று கல்லறைத் திருநாள். அப்பா ஏசுதாஸ் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் புல் செதுக்கி, சமாதிக்குச் சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் பெயரைக் கறுப்புப் பெயிண்டால் எழுதி, சாமந்தி தூவி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாயங்காலம் ஃபாதர் ஒவ்வொரு சமாதியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். முதல் வருஷம் மட்டும் யாரும் வராமல் இருக்க மாட்டார்கள். அதிலும் பெயர் எழுதுகிற வேலை ஜாக்குலினுடையது. அது அப்பாவே சொல்லிவிட்டுப் போனது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய மனுஷன். மில்லில் அவரை ஏய் என்றும் டேய் என்றும் கூப்பிட்டார்களே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. ஒருமுறை ஜாக்குலின் ஆர்டர் கேக்கில் எழுதியிருந்த பெயரை வெகுநேரம் பார்த்துவிட்டு, நாளைக்கு என் பேரை நீதான் இப்படி எழுதணும் என்றார். கேக்கிலா என்று கேட்டு அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

இந்த ஆர்டரைக் கொடுத்தவள் மேக்னா. படூரில் ஜாக்குலின் வாடகைக்கு இருக்கும் தெருவுக்கு எதிரே நிற்கும் அடுக்குமாடியில் இருப்பவள், அஸ்வத்தின் அம்மா. குழந்தைகள் பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் விருந்து, வெள்ளிக்கிழமைதான் என்றாள் முதலில். மழை என்று இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள். அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. காலையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு ஜாக்குலின் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் மேக்னா இன்னொன்றும் சொன்னாள். குழந்தைகளுக்கு ஐசிங் போட நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கள், கீழே இருக்கும் கண்ணாடி ஹாலில் தனியாக ஒரு மேசை போட்டு உங்கள் பெயரில் போர்டு வைக்கிறேன் என்றாள். அந்தப் போர்டில்தான் ஜாக்குலின் விழுந்தாள். இத்தனை வருஷமாக கேட்டில் செக்யூரிட்டியிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவளுக்கு, அந்தக் கண்ணாடி ஹாலுக்குள் தன் பெயர் நிற்பதை நினைக்கவே நெஞ்சு பூரித்தது. ஒரு போர்டுக்காக அப்பாவின் கல்லறைக்கு வரவில்லை என்று அண்ணனிடம் எந்த வாயால் சொல்வது? ஜுரம் என்று சொன்னாள்.

அண்ணன் ஜெரோம் திட்டியிருந்தால் பரவாயில்லை. பதிலுக்கு இவளும் நாலு வார்த்தை சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். காலையில் கூப்பிட்டான்.

"பாப்பா, புள்ளைக்கு எப்டி கீது?"

"இன்னும் கொஞ்சம் சூடு கீதுண்ணா."

"உங்க அண்ணி விடிகாலைலயே மழைல நனைஞ்சுகினு மலமாதா கோயிலுக்குப் போயி, புள்ள பேர்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துகீது. பேரு எழுத ஆளு வந்தான். நான் வாணான்னுட்டேன். அது நீ எழுத வேண்டியது. காலியாவே கெடக்கட்டும், எப்ப வர்றியோ அப்ப எழுது. மொதல்ல புள்ளயப் பாரு."

ஜாக்குலின் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அண்ணி பூவாயிக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அவள் அந்த மாதா மலையில் ஏறி, இல்லாத ஜுரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். தன்னைப் போல ஒரு கேடுகெட்ட ஜென்மம் உண்டா என்று ஜாக்குலின் முணுமுணுத்தாள். முணுமுணுத்துவிட்டு, அடுத்த கல்லறையை எடுத்து ஆர்.ஐ.பி. போட்டாள்.

அப்போதுதான் மேக்னாவிடமிருந்து செய்தி வந்தது. சிநேகாவையும் கண்டிப்பாகக் கூட்டிவர வேண்டும், அவள் பெயரிலும் ஒரு கல்லறை இருக்கட்டும், நம் குழந்தைகளில் அவளும் ஒருத்திதானே என்று எழுதியிருந்தாள். நல்ல மனசோடு எழுதியதுதான். ஜாக்குலின் அதை வாய்விட்டுப் படித்ததும் சிநேகா மேசைக்கு அடியிலிருந்து குதித்து வந்தாள்.

"எம் பேர மட்டும் பெருசா எழுதும்மா. எல்லாத்த விட நெறய ரத்தம் வுடு."

வெறும் கல்லறை ஒன்று மீதம் இருந்தது. ஜாக்குலின் கோனை அதன் மேல் கொண்டுபோனாள். கை இறங்கவில்லை. வாயால் ஜுரத்தை வரவழைத்தாயிற்று, இப்போது கையால் கல்லும் நட வேண்டுமா? இது சர்க்கரை, இது விளையாட்டு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இத்தனை பிள்ளைகளின் பெயரை எழுதும்போது இனித்ததே, அவர்களுக்கெல்லாம் அம்மா இல்லையா என்று உள்ளே ஏதோ கேட்டது. புறங்கையால் சிநேகாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள். மறுபடியும் நெற்றியைத் தொட்டாள்.

"நெஜமாவே எனக்கு ஜுரமாம்மா?" என்று கேட்டாள் சிநேகா. குரலில் சந்தேகம் வந்திருந்தது.

ஜாக்குலின் கோனை வைத்துவிட்டு மேக்னாவைக் கூப்பிட்டாள். இன்றைக்கு எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் போக வேண்டும், நான் வர முடியாது என்பதுதான் சொல்ல வேண்டியது. மனசுக்குள் இரண்டு முறை சொல்லியும் பார்த்துக்கொண்டாள். ஆனால் கண்ணாடி ஹாலில் கல்லறை பிஸ்கட் வைத்துக்கொண்டு சிரிக்கப்போகிறவர்களிடம் நிஜக் கல்லறையைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது? மேக்னா ஹலோ என்றதும் வாய் முந்திக்கொண்டது. சிநேகாவுக்கு ஜுரம் என்றாள். மேக்னா பதறிப்போய், போர்டு கிடக்கட்டும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், மருந்து ஏதாவது கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டாள். ஒரே ஜுரம் இரண்டு பக்கமும் செலவாயிற்று.

டப்பாக்களைக் கட்டி, கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, சிநேகாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். செங்கல்பட்டில் பஸ் மாறும்போது மழை விட்டிருந்தது. அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். எழுதுவது அப்புறம்தான். மதுராந்தகம் தாண்டும்வரை வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். பெயர் எழுதாத அந்தக் கல்லறை பிஸ்கட்டை சிநேகா டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து மடியில் பிடித்திருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இவர்களைப் பார்த்ததும் ஜெரோம் மண்வெட்டியைக் கீழே போட்டான். சிநேகா மாமா என்று கத்திக்கொண்டு சேற்றில் ஓடினாள். அவன் அவளைத் தூக்கி, நெற்றியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பூவாயி சமாதி ஓரம் உட்கார்ந்திருந்தவள், பக்கத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"காலைல ஏத்தனேன். சாயந்தரத்துக்குள்ள புள்ளய எழுப்பி அனுப்பிட்டா பாரு எங்கம்மா," என்று மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

அக்கம்பக்கத்துச் சமாதிகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி சிநேகாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை ஜாக்குலின் கோத்துத்தான் வைத்திருந்தாள். இப்போது ஜுரம் பொய் என்றால் அந்த மெழுகுவர்த்தியும் பொய்யாகிவிடும், இந்தக் கண்ணீரும் பொய்யாகிவிடும். அம்மாவின் முகத்தைப் பார்த்த சிநேகா, என்னத்தைப் புரிந்துகொண்டாளோ, மாமாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கீழே தோட்டத்தின் மறுகோடியில் ஃபாதரின் மணி கேட்டது. நாலைந்து வரிசை தாண்டினால் இங்கே வந்துவிடுவார். ஜெரோம் அவசரமாகப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். பிரஷ்ஷின் மயிர் போன வருஷத்துப் பெயிண்டில் கட்டிப்போய்க் கிடந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஜாக்குலின் கைப்பையில் துழாவி ஒரு புதுக் கோனை எடுத்து, பெயிண்டை ஊற்றி, நுனியை வெட்டினாள். சேற்றில் மண்டிபோட்டாள். சிலுவையில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

ஏ எழுதினாள். சு எழுதினாள். அப்பாவை யாரும் கூப்பிடாத பெயர் ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையில் எழுந்து வந்தது. தாஸ் முடித்தாள், புள்ளி வைத்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. புள்ளியிலிருந்து எழுத்தின் வாலுக்கு இறங்கிய கை அங்கே நிற்கவில்லை. லேசாக அழுத்தி, கீழே இழுத்து, முடிகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தியது. நுனி திரண்டது. அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வழியுதா? சுண்ணாம்பு காயல, அதான். வுடு பாப்பா," என்றான் ஜெரோம். "உன் கையால எழுதிட்ட, அது போதும்."

"அண்ணா," என்றாள் ஜாக்குலின்.

மணி பக்கத்தில் வந்துவிட்டது. ஜெரோம் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்திருந்தான். சிநேகா தன் பிஸ்கட்டைச் சிலுவையின் காலடியில், மெழுகுவர்த்திக்கும் சாமந்திக்கும் நடுவில் வைத்தாள். ஃபாதர் கையை வீசித் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜாக்குலின் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பட்ட கறுப்புச் சொட்டு மெல்ல அசைந்து, ஈரச் சுண்ணாம்பில் ஊறிக்கொண்டே, கீழே சிநேகா வைத்திருந்த, பெயரில்லாத வெள்ளைக் கல்லை நோக்கி இறங்கத் தொடங்கியது.