தட்டுக்கு அடியில் வைத்த நோட்டு

அன்று அந்த மேஜையில் இருந்தவர்கள் ஏழு பேர். பெண் வீட்டுப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அவர்கள் மகள். பிள்ளை வீட்டுப் பக்கம் லிஃப்ட் எஞ்சினியரான பையன், அவன் அம்மா, நகைக்கடையில் நாற்பது வருஷம் தங்கத்தை நிறுத்துப் பார்த்ததால் எல்லோராலும் ‘தராசு’ என்று அழைக்கப்படும் அவன் அப்பா, அப்புறம் அவனுடைய தாய்மாமன். தாய்மாமனுக்கு எதிலும் கடைசிவரை இருந்து பழக்கமில்லை. சினிமாவானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, பாதியில் எழுந்து போய்விடுவார். அதனால் அவருக்குப் ‘பாதிக்கதை’ என்று பெயர். பரிமாறிய பெண்ணையும் சேர்த்தால் எட்டு. வேறு யாரும் இல்லை. இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் அங்கே இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. ஆனாலும் முதுகு வளையவில்லை, பட்டம் போகவில்லை. மகளோடு இருப்பதற்காக மனைவியுடன் இந்த வெளிநாட்டு நகரத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை வீட்டார் இங்கே பன்னிரண்டு வருஷமாகக் குடியிருப்பவர்கள். பையனும் பெண்ணும் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். இரண்டு தாய்மார்களும் போனில் புடவை நிறம் வரைக்கும் பேசியாகிவிட்டது. தராசு மட்டும் வாயைத் திறக்கவில்லை. “பழகிப் பாக்கலாம் சார், அப்புறம் பேசலாம்” என்பார். அந்த ‘சார்’ போய் வேறு வார்த்தை வரும்வரைக்கும் மகள் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் ஓட்டலில் இந்த மத்தியான விருந்து. கூப்பிட்டவர் அவர். செலவும் அவருடையது.

விருந்துக்கு முந்தின வாரம் ஒரு சின்னச் சங்கடம் நடந்திருந்தது. வேறொரு கடையில் மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது, அவர் வழக்கப்படி தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சில்லறை வைத்தார். பரிமாறியவனுக்கு ஏதாவது வைக்காமல் அவர் குடும்பத்தில் யாரும் மேஜையை விட்டு எழுந்ததில்லை. கஷ்ட காலத்திலும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. அந்தக் கடைக்காரன் வாசல்வரைக்கும் வந்து சில்லறையை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

“அப்பா, இங்க டிப்ஸ் வைக்கிற பழக்கமே கிடையாது. நீங்க மறந்துட்டுப் போறீங்கன்னு நினைச்சிருப்பாரு” என்றாள் மகள்.

“குடுத்தா வேண்டாம்ங்கிற ஊரு எங்கயாவது இருக்கா?”

“இங்க இருக்கு.”

“அதெல்லாம் இல்லை. நீங்க வச்ச காசு அவன் பஸ்ஸுக்குப் பத்தாது. மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பிக் குடுத்திருக்கான்” என்றாள் மனைவி.

மகள் சொன்னதை அவர் நம்பவில்லை. மனைவி சொன்னது உள்ளே போய்த் தைத்தது. குறைவாக வைத்ததுதான் தப்பு என்று முடிவு கட்டினார். தராசுக்கு முன்னால் அந்தத் தப்பு மறுபடி நடக்கக் கூடாது.

அதனால் விருந்தன்று காலையிலேயே ஒரு பெரிய புது நோட்டை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளிடம் சொல்லவில்லை.

பரிமாற வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதிர ஒரு கிண்ணம் வைக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி இரண்டு தடவை இருமினாள். மூன்றாவது இருமலுக்கு முன் வெந்நீர் வந்துவிட்டது. பையனின் அம்மா இடது கைக்காரி. முதல் தடவை அவள் கரண்டியை எடுத்ததைப் பார்த்த பெண், அதற்குப் பிறகு கோப்பையையும் கிண்ணத்தையும் அவளுக்கு மட்டும் இடது பக்கமே வைத்தாள். யாரும் சொல்லவில்லை. பாதிக்கதை நான்கு முறை மனதை மாற்றினார். நான்கு முறையும் முதல் முறை கேட்பது போலவே கேட்டுக்கொண்டு போனாள்.

“இந்த மாதிரி ஆளு என் ஸ்டேஷன்ல ஒருத்தர் இருந்திருந்தா, முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு வண்டி லேட்டாகியிருக்காது” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“நீங்க இருந்தீங்களே, அப்புறம் ஏன் லேட்டாச்சு?” என்றார் பாதிக்கதை. எல்லோரும் சிரித்தார்கள். தராசு சிரித்தாரா என்று ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்தார். பாதி சிரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து கல்லாவுக்குப் போய்ப் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து, குனிந்து மூக்குக் கண்ணாடியை எடுப்பவர் போல, மடித்த நோட்டைத் தட்டுக்கு அடியில் செருகினார். மகள் பார்க்கவில்லை. தராசு பார்த்தார். பன்னிரண்டு வருஷம் இருந்தவர், என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டார்.

கடைக்கும் டிராம் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு ரொட்டிக்கடை, ஒரு குடைக்கடை, அப்புறம் ஒரு சிக்னல். அதைத் தாண்டினால் நிறுத்தம். குளிர்காற்று காதைப் பிடித்துத் திருகியது. சிக்னலைக் கடந்து அவர்கள் நிறுத்தத்துக்கு வந்ததும் டிராமும் வந்துவிட்டது.

“நான் முன்னாடி போயி இடம் பிடிக்கிறேன்” என்று பாதிக்கதை ஏறிவிட்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் ரொட்டிக்கடையைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாள். கோட்டு இல்லை, கட்டின ஏப்ரன் அப்படியே இருந்தது, காலில் கடைக்குள் போடும் செருப்பு. வலது கையில் சின்னத் தட்டு. அதன்மேல் நோட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

போன வாரம் சில்லறை, இந்த வாரம் முழு நோட்டு. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முன்னால் இது என்ன மானக்கேடு?

“ஏறுங்க, ஏறுங்க, வண்டி கிளம்பப் போகுது” என்று மனைவியைத் தள்ளாத குறையாக அவசரப்படுத்திவிட்டு, தானும் ஒரு காலைப் படியில் வைத்தார். வைத்தவர் மறுபடி ஒருமுறை திரும்பினார்.

அந்தப் பெண் நின்றிருந்தாள். சிக்னல் சிவப்பு. சாலையில் இந்தப் பக்கமும் வண்டி இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இருபதடி அகலம், நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். டிராம் கிளம்பப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் சிக்னல் கோட்டைத் தாண்டவில்லை.

சிவப்புக்கு நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். யாரும் தடுக்காத இடத்தில், அவசரத்தின் உச்சியில், சிவப்புக்கு நிற்கிற மனுஷியை விட்டுவிட்டு அவரால் வண்டி ஏற முடியவில்லை. படியில் வைத்த காலை எடுத்தார்.

“இருங்க. அடுத்த வண்டியில போகலாம்.”

கதவு மூடியது. பாதிக்கதை மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தபடி போனார். பச்சை விழுந்தது. அந்தப் பெண் ஓடி வந்து, மூச்சு இரைக்க, தட்டை நீட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

“மறந்துட்டீங்களாம்ப்பா” என்றாள் மகள். அப்புறம் நோட்டைப் பார்த்தாள். “அப்பா!”

“நான் மறக்கலைன்னு சொல்லும்மா. அவளுக்குன்னுதான் வச்சேன். அவ பரிமாறின அழகுக்கு அது கம்மி.”

மகள் சொன்னாள். பெண்ணின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கோபமில்லை. முதுகு நிமிர்ந்தது, அவ்வளவுதான். அந்த நிமிர்வை ஸ்டேஷன் மாஸ்டர் கவனித்தார். அவள் நிதானமாக இரண்டு மூன்று வாக்கியம் பேசினாள்.

“என்ன சொல்றா?”

“நீங்க சொன்னது சந்தோஷமாம். அதை எடுத்துக்கிறாளாம். இது வேண்டாமாம்.” மகள் ஒரு நொடி தயங்கினாள். “‘இதை வாங்கிட்டா, நாளைக்கு ஒண்ணும் வைக்காம போறவங்களுக்கு நான் எப்படிப் பரிமாறுறது’ன்னு கேக்குறா.”

முப்பத்தி நாலு வருஷம் பிளாட்பாரத்தில் ஜனங்கள் ஓடுவதைப் பார்த்தவர் அவர். வண்டிக்காக ஓடுவார்கள், பெட்டிக்காக ஓடுவார்கள், பிள்ளைக்காக ஓடுவார்கள். கையில் வந்த பணத்தைக் கொடுத்தவரிடமே திருப்பித் தர ஓடிய ஒரே ஒரு ஆளைத்தான் அவருக்குத் தெரியும். அது அவரேதான். ஒரு வெங்காய வியாபாரி, சரக்கேற்ற வேகன் கிடைத்த சந்தோஷத்தில், அவர் மேஜையில் டைம்டேபிளுக்கு அடியில் ஒரு கவரை வைத்துவிட்டு வண்டி ஏறிவிட்டான். அவர் பிளாட்பாரத்தின் கோடிவரைக்கும் ஓடி, நகர்ந்துகொண்டிருந்த வண்டியின் ஜன்னலுக்குள் அதை எறிந்தார். அன்று ராத்திரி மனைவியிடம், “என்னை என்னன்னு நினைச்சான்?” என்று கேட்டுக் கேட்டு மாய்ந்து போனார்.

அந்த வியாபாரியும் நல்ல மனதோடுதான் வைத்திருப்பான் என்று இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தோன்றியது. அதைவிட, தன் குடும்பத்துக்கு மட்டும் சொந்தம் என்று அவர் காத்து வந்த அந்த ரோஷம், முகம் தெரியாத நாட்டில், பெயர் தெரியாத ஒருத்தியிடம், குளிரில் கோட்டுகூட இல்லாமல் ஓடி வந்து எதிரே நிற்கிறது.

தட்டிலிருந்த நோட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். “என்னை மன்னிச்சுக்கச் சொல்லும்மா. நானும் அவ ஜாதிதான்னு சொல்லு, சம்பளத்துக்கு மேல வாங்காத ஜாதி.”

மகள் எப்படிச் சொன்னாளோ, பெண்ணுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. தலை வணங்கிவிட்டுத் திரும்பினாள். சிக்னலில் மறுபடியும் சிவப்பு, மறுபடியும் நின்றாள். எக்ஸ்பிரஸ் கடக்கும்போது பிளாட்பாரத்தில் நிற்பது போல, ஸ்டேஷன் மாஸ்டர் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று வலது கையை நெற்றிக்கு உயர்த்தினார். அவள் கடைக்குள் மறையும்வரை கையை இறக்கவில்லை.

“என்ன இது, நடுத்தெருவுல?” என்று மனைவி முணுமுணுத்தாள். ஆனால் அவளும் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராகத்தான் நின்றிருந்தாள்.

அடுத்த டிராம் கண்ணில் பட்டபோது தராசு தொண்டையைச் செருமினார்.

“அவ திருப்பிக் கொண்டு வருவான்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் தெரியலை. அதான் பாத்துட்டிருந்தேன்.” அவர் பக்கம் திரும்பினார். “நல்ல நாளா ஒண்ணு பாருங்க, சம்பந்தி.”

கல்யாணம் அடுத்த மாதமே நடந்தது. பந்தியில் பரிமாறியவர்களைக் கடைசியில் உட்கார வைத்து, ஸ்டேஷன் மாஸ்டர் தன் கையால் பரிமாறினார்.

பெண் வீட்டுக்காரர் ஓட்டலில் பணம் கட்டாமல் கிளம்பிவிட்டார், சர்வர் பெண் துரத்தி வந்து டிராமில் ஏற விடாமல் பிடித்தாள் என்று உறவில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது முன்னாலேயே டிராம் ஏறிப் போனவர் சொன்னது. பணம் கல்லாவில் கட்டியாகிவிட்டது, ரசீது இருக்கிறது. அந்தப் பெண் வாங்க வரவில்லை, கொடுக்க வந்தாள். படியிலிருந்து காலை எடுத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான். அவரை யாரும் பிடிக்கவில்லை.